ஏ, பி, சி, டி முழுவதும் தெரிந்த குழந்தைக்கு ஏன் வாசிக்கத் தெரியவில்லை? – தொடக்கப் பள்ளி ஆங்கில வகுப்பு அனுபவங்கள்

குளச்சல் பக்கத்து ஆசிரியை:

கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் முதல் மூன்று வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவனின் பாட்டி மீன்கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து, "டீச்சர், எம்பிள்ளைக்கு ஏ பி சி டி மொத்தமும் மனப்பாடம், பொறவு ஏன் ஒரு சொல்லக்கூட வாசிக்க மாட்டேங்கான்?" என்று கேட்டார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் நம் கன்னியாகுமரி. இங்கே படிக்காத பாட்டிகூடப் பேரனின் படிப்பை இவ்வளவு கூர்ந்து கவனிக்கிறார். அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் அந்தச் சிறுவனிடம் 'பென்' என்ற சொல்லை எழுதிக் காட்டினேன். "பீ, ஈ, என்" என்று பிழையில்லாமல் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அந்த மூன்று பெயர்களையும் எவ்வளவு விரைவாகச் சேர்த்துச் சொன்னாலும் 'பென்' பிறக்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுத்துகளின் பெயரைக் கற்றுக் கொடுத்திருந்தேனே தவிர, அவற்றின் ஒலியைக் கற்றுக் கொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுத்துகள் 26தான். ஒலிகளோ ஏறத்தாழ 44. பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குழந்தை அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வழி தமிழ் வகுப்பிலேயே இருந்தது. 'இப்' என்று வாய்விட்டுச் சொல்லிப் படித்த மெய்யெழுத்து, 'எ' என்ற உயிரோடு சேர்ந்தால் 'பெ' ஆகும் என்பதை அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே அறிவார்கள். அதைக் கரும்பலகையில் எழுதி, அதன் கீழே ஆங்கில எழுத்துகளை எழுதி, "இது நம் புள்ளி வைத்த எழுத்தைப் போன்றது, உயிர் வந்து சேரும்வரை காத்திருக்கும்" என்றேன். ப், எ, ன் என்று மூன்று ஒலிகளையும் விரலால் தொட்டுக்கொண்டே இழுத்துச் சேர்த்தபோது, வகுப்பில் பாதிப் பேர் நான் சொல்லும் முன்பே 'பென்' என்றார்கள். அதே வாரத்தில் 'டென்', 'ஹென்', 'பின்', 'டின்' ஆகியவையும் வந்துவிட்டன. 'எ', 'இ' ஆகிய ஒலிகள் தமிழில் அப்படியே இருப்பதால் அவற்றிலிருந்து தொடங்கினேன். பூனையைக் குறிக்கும் 'கேட்', 'கேன்' போன்ற சொற்களில் வரும் உயிரொலிக்குத் தமிழில் எழுத்தே கிடையாது என்பதால் அதை வேண்டுமென்றே தள்ளி வைத்தேன். பின்னர் ஒருநாள் அந்தச் சிறுவன் 'கேன்' என்ற சொல்லைத் தானாக எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "எங்கப்பா வள்ளத்துல மண்ணெண்ணெய் கேன் இருக்கு, டீச்சர்" என்றான். அவன் உச்சரிப்பில் குறை இருந்தது. நான் திருத்தவில்லை, வாசித்த சொல்லுக்குப் பொருள் உண்டு என்று அவன் அறிந்ததுதான் அன்றைக்கு எனக்குப் பெரிதாகப் பட்டது.

'நெட்டு', 'கப்பு' என்று இறுதியில் உகரம் சேர்ப்பதையும் நான் கடிந்துகொள்வதில்லை. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்ற இலக்கணத்தை அவர்களுடைய நாக்கு பின்பற்றுகிறது, அவ்வளவுதான். தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை அவரவர் நிலைக்கேற்பப் பிரித்தது, பின்தங்கியவர்களோடு கூடுதல் நேரம் செலவிட எனக்கு உதவியது.

விளவங்கோடு வட்டத்து ஆசிரியர்:

எங்கள் பள்ளி எல்லையோரத்தில் இருப்பதால் தமிழ்ப் பிரிவுக்கும் மலையாளப் பிரிவுக்கும் நானே ஆங்கிலம் எடுக்கிறேன். இரு பிரிவினரும் தடுமாறும் இடங்கள் வேறு வேறு. புத்தகப் பையைக் குறிக்கும் 'பேக்' என்ற சொல்லையும் மூட்டை கட்டுவதைக் குறிக்கும் 'பேக்' என்ற சொல்லையும் மலையாளப் பிரிவுக் குழந்தைகள் எளிதில் பிரித்து எழுதுகிறார்கள்; அவர்களுடைய மொழியில் அந்த இரண்டு முதலொலிகளுக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழ்ப் பிரிவில் இரண்டுக்கும் ஒரே 'ப' என்பதால் எழுதும்போது குழப்பம் வருகிறது. ஆனால் 'பழம்', 'பயம்' என்ற சொற்களைச் சொல்லச் சொன்னால், அந்தக் குழந்தைகளின் வாயிலேயே இரண்டு ஒலிகளும் இருப்பது தெரியும். தொண்டையில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். 'பயம்' என்று தொடங்கும்போதே அதிர்வு விரலில் தெரிகிறது. பிறகு உதட்டுக்கு முன் ஒரு தாள்துண்டைப் பிடித்து, 'பென்' என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது தாள் துள்ளுவதைக் காட்டுகிறேன். இந்தச் சோதனையை அவர்கள் வீட்டிலும் செய்து பார்த்து, தாயையும் தாத்தாவையும் தாள் பிடிக்க வைத்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது மிகவும் மகிழ்ந்தேன்.

குலசேகரம் பகுதித் தன்னார்வலர்:

தன்னார்வலர்கள் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற அரசுத் திட்டம் 2021இல் தொடங்கியபோது மாலை நேர மையம் ஒன்றில் சேர்ந்தேன். மேலே ஆசிரியர்கள் சொன்ன ஒலிமுறையை முழுமனத்தோடு ஏற்கிறேன். எனினும் அது மட்டும் போதாது என்பது என் அனுபவம். ஒன்று என்னும் எண்ணைக் குறிக்கும் 'ஒன்' என்ற சொல்லை, ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள் கற்றுக்கொண்ட முறைப்படியே நேர்மையாக எழுத்துக் கூட்டி, "ஓனே" என்று வாசித்தாள். அவள் மேல் எந்தப் பிழையும் இல்லை. 'வாஸ்', 'சொன்னார்' என்று பொருள்படும் 'செட்', 'தி' போன்ற சொற்களும் எழுத்துக் கூட்டினால் பிடிபடுவதில்லை. அவையோ ஒவ்வொரு பக்கத்திலும் வருகின்றன. அவற்றை முகம் பார்த்து ஆளை அறிவதைப் போல முழுச் சொல்லாகவே பழக்க வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு மூன்று சொற்களுக்கு மேல் நான் கொடுப்பதில்லை.

அந்தச் சிறுமி தன் வீட்டுத் திண்ணையில் ரப்பர் ஷீட் உலர்த்தும் கொடியின் ஒரு முனையைத் தந்தையிடம் கேட்டு வாங்கி, சொல்லட்டைகளைத் துணிக் கிளிப்பால் அதில் மாட்டி வைத்தாள். அடைமழையில் பால்வெட்டு நின்றிருந்த வாரத்தில் நான் அங்கே போனபோது, ஷீட் இல்லாத அந்தக் கொடி முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டிருந்தாள். வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த தந்தைக்கு ஒவ்வோர் அட்டையாக வாசித்துக் காட்டி, அவரையும் திரும்பச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தாள்.