படம் பார்த்து வாங்கும் பழைய சீக்கோ 5 வாட்ச்: டயல் அசலா, மறுபடி பெயின்ட் அடித்ததா?

நீலடயல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நீல டயல் வைத்த பழைய சீக்கோ 5 வாட்ச் ஒன்றை இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். விற்பவர் வெளிமாநிலம், நேரில் போய்ப் பார்க்க வழியில்லை. பின்மூடியில் 6119-8083 என்று இருக்கிறது. வரிசை எண் 12 என்று தொடங்குகிறது. விலை 4,500 ரூபாய் சொல்கிறார்.

படங்களில் கேஸின் ஓரங்கள் நன்றாகத் தேய்ந்து தெரிகின்றன. கண்ணாடி முழுக்கக் கீறல். டயல் மட்டும் புத்தம்புதிதாக இருக்கிறது. இரண்டு மணிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, அது டயலில் இருக்கிறதா கண்ணாடியில் இருக்கிறதா என்று தெரியவில்லை. டயல் ஒரிஜினல் என்று அடித்துச் சொல்கிறார்.

அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்த நாளில் இதே நீலத்தில் ஒன்று கட்டியிருந்தார், அது தொலைந்துவிட்டது. அவருக்குக் கொடுக்கத்தான் வாங்குகிறேன். டயல் அசலாக இருக்க வேண்டும். எதைப் பார்த்து முடிவு செய்வது?

பழையமுள்

தம்பி, எங்கள் அப்பா திருச்சியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார், இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். மேசைக்கு வரும் பழைய வாட்சுகளில் சீக்கோ 5தான் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வயது. சீக்கோவின் வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். பின்மூடி எண்ணின் முன்பாதியான 6119 உள்ளே இருக்கும் மெஷினின் எண், அந்த மெஷின் தயாரான காலத்தை வைத்துப் பார்த்தால் உங்களுடையது 1971 பிப்ரவரி. ஐம்பது வருடத்தைத் தாண்டிவிட்டது. கேஸ் தேய்ந்திருந்தும் டயல் சுத்தமாக இருப்பது நடக்கக்கூடியதுதான், தண்ணீர் உள்ளே போகாத வாட்சில் டயல் அப்படியே இருக்கும். அதனால் பளிச்சென்று இருக்கிறது என்பதற்காகவே சந்தேகப்பட வேண்டாம். டயலுக்குப் பக்கத்தில் இருப்பவற்றைப் பாருங்கள். முள்ளும் டயலும் கிழமைச் சக்கரமும் ஒரே கண்ணாடிக்குள் ஒரே காற்றில் இருந்தவை. முள்ளில் உள்ள ஒளிப்பூச்சு பழுப்பாகி, டயல் கட்டைகளில், அதாவது மணியைக் காட்டப் பதித்த குறிகளில், உள்ளது வெள்ளைவெளேரென்று இருந்தால், இரண்டில் ஒன்று பின்னால் வந்தது. கிழமைச் சக்கரம் மஞ்சளாகிப்போய் டயலில் மட்டும் வயதே தெரியவில்லை என்றாலும் அப்படித்தான்.

அடுத்தது டயலின் அடி விளிம்பு. நான் எப்போதும் முதலில் பார்க்கும் இடம் அதுதான். ஆறு மணிக்குக் கீழே, விளிம்போடு ஒட்டி, ஜப்பான் என்ற சொல்லும் ஓர் எண்ணும் மிகச் சிறிய ஆங்கில எழுத்தில் இருக்கும். அந்த எண் 6119 என்று தொடங்க வேண்டும். அதற்குப் பின்னால் வருவது பின்மூடியின் 8083 ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, டயலுக்குத் தனி எண் உண்டு. 7009 என்றோ 6309 என்றோ தொடங்கினால் அது வேறு மெஷினுக்குச் செய்த டயல். எண்ணே இல்லாமல் வெறும் ஜப்பான் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தால் மறுபடி அடித்தது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். சில கேஸ்களில் உள்வளையம் இந்த வரியைப் பாதி மறைக்கும், அதனால் சாய்த்து எடுத்த படம் கேளுங்கள்.

டயல் அடிப்பது எப்படி என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகக் கண்ணில் படும். பழைய பெயின்டையும் எழுத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு, புதுப் பெயின்ட் அடித்து, அதன்மேல் எழுத்தை அச்சு வைத்து ஒற்றி எடுப்பார்கள். சுரண்டும்போது முதலில் போவது உலோகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் மெல்லிய கதிர்க்கோடுகள். அந்தக் காலத்து நீல டயல்கள் பலவற்றில் இது உண்டு. வாட்சைத் திருப்பினால் வெளிச்சம் விசிறியாகச் சுற்றி வரும். பெயின்ட் அடித்த டயலில் வெளிச்சம் நகராது, முழுதும் ஒரே தட்டையான நீலமாக நிற்கும். கிழமை, தேதி தெரியும் ஜன்னலின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தொழிற்சாலை டயலில் ஓரம் கூர்மையாக வெட்டியிருக்கும், அடித்த டயலில் பெயின்ட் சேர்ந்து மூலை உருண்டு போயிருக்கும். பதித்த கட்டைகளின் காலடியிலும் பெயின்ட் தேங்கியிருக்கும். நிமிடக் கோடுகள் அந்தக் கட்டைகளின் நடுவுக்கு நேராக வருகின்றனவா என்றும் பாருங்கள், ஒற்றும்போது துளி நகர்ந்தாலும் ஒரு பக்கம் இடிக்கும். ஆட்டோமேட்டிக் என்ற எழுத்தின் உள்ளிடைவெளிகள் அடைத்துக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வெள்ளைப் புள்ளிக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. நேராக ஒரு படம், இடப்பக்கம் சாய்த்து ஒரு படம், வலப்பக்கம் சாய்த்து ஒரு படம். டயல் கட்டையிலிருந்து புள்ளி விலகி நகர்ந்தால் அது கண்ணாடியில் இருக்கிறது, கவலையில்லை, கண்ணாடி மாற்றலாம். மூன்றிலும் ஒரே இடத்தில் நின்றால் டயலில் இருக்கிறது.

ஜனதாபிரியன்

அக்கா சொன்னது எச்.எம்.டி.க்கும் அப்படியே பொருந்தும். சிட்டிசன் உதவியோடு 1961இல் பெங்களூரில் தொடங்கியது அந்தத் தொழிற்சாலை. கறுப்பு டயலுக்குப் பேர்போன அதன் பைலட் மாடலை இன்று ஆரஞ்சு, பச்சை, ஊதா என எல்லா நிறத்திலும் விற்கிறார்கள், பெரும்பாலானவை பின்னால் அடித்தவை.

இன்னொன்று. படத்தை வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும், சின்ன எழுத்தெல்லாம் கலங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளில் அன்றைய தேதியை எழுதி வைத்து எடுக்கச் சொன்னால், வேறு எங்கிருந்தோ எடுத்த படமில்லை என்பதும் தெரியும், நிறமும் சரியாகப் புரியும்.

தினம்கட்டுபவன்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கட்டிக்கொள்ளத்தானே வாங்குகிறோம்? அடித்த டயலாக இருந்தால்தான் என்ன, பார்க்க அழகாக இருந்தால் போதும். விலையைக் குறைத்து வாங்கலாம்.

பழையமுள்

விலை பற்றிச் சொன்னது சரி. அடித்த டயல் என்று விற்பவரே எழுதி, அதற்கேற்ற விலை வைத்தால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. டயல் அடிப்பது மரியாதையான தொழில். நிறம் போன வாட்சைக் கொண்டு வந்து "டயல் அடிச்சுக் குடுங்க" என்று கேட்டவர்களுக்கு அப்பாவும் அனுப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார், அவர்கள் சந்தோஷமாகக் கட்டிக்கொண்டு போனார்கள். அடித்ததை அசல் என்று சொல்லி அசல் விலைக்கு விற்பதுதான் எனக்கு ஆகாது. இந்தத் தம்பி அப்பாவுக்காகக் கேட்கிறார். அவர் அப்பா பார்த்த நீலம் அந்தக் கதிரோடு சேர்ந்த நீலம். எந்தப் பெயின்டிலும் அது வராது.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பல்பின் கீழே எடுத்தால் வெள்ளி டயல்கூடப் பழுத்ததுபோலத் தெரியும். ஸ்டீல் கேஸும் மஞ்சளாகத் தெரிந்தால் அது விளக்கின் வேலை. கேஸ் வெள்ளையாக இருந்து டயல் மட்டும் மஞ்சளித்தால் டயல்தான் பழுத்திருக்கிறது. ஜன்னலோரம், வெயில் நேராகப் படாத இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

நீலடயல்

அக்கா, நீங்கள் சொன்னபடி கேட்டேன். புதுப் படங்களும் ஒரு சின்ன வீடியோவும் டாக்குமென்டாக வந்தன. வெள்ளைப் புள்ளி நகர்கிறது, கண்ணாடியில்தான். ஆனால் அடி விளிம்பில் ஜப்பான் மட்டும்தான் இருக்கிறது, எண் இல்லை. ஜன்னல் மூலை உருண்டிருக்கிறது. வீடியோவில் திருப்பும்போது வெளிச்சம் சுற்றி வரவே இல்லை. கேட்டால் இப்போது 2,800க்குத் தருகிறேன் என்கிறார். அவரிடமே இன்னொரு 6119 இருக்கிறதாம், அதுவும் நீலம். ஒன்பது மணி ஓரத்தில் ஈரம் பட்டுக் கறை, கட்டைகளில் ஒன்றிரண்டு மங்கல். அடியில் எண் 6119 என்று தெளிவாக இருக்கிறது, கதிரும் சுற்றுகிறது. விலை 3,500.

பழையமுள்

இரண்டாவதை எடுங்கள் தம்பி. முதலாவது வேண்டாம், 2,800க்கும் வேண்டாம். கேட்டபிறகுதான் விலை இறங்கியது, அதனால் அவருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. இரண்டாவதற்குப் பணம் அனுப்பும் முன் "டயல் மறுபடி அடிக்கப்படாதது, இல்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்மூடியைத் திறந்து ஒரு படமும் கேளுங்கள். ஈரம் போன வாட்ச் என்பதால் மெஷினில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முக்கியமாகச் சாவித் தண்டு உள்ளே போகும் இடத்தில்.

கைக்கு வந்ததும் ஊர் ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துச் சர்வீஸ் செய்யுங்கள், ரப்பர் வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள், கறை அதற்கு மேல் பரவாமல் நிற்கும். ஆனால் டயலைத் துடைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஈரப் பஞ்சு ஒருமுறை பட்டால் எழுத்து பஞ்சோடு வந்துவிடும். தூசி இருந்தால் ரப்பர் ஊதியால் ஊதினால் போதும்.