இரவில் பார்க்கும் கருவி வாங்கப் போகிறவர்களுக்கு

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

குறைந்த செலவில் இரவில் பார்க்க ஏற்ற கருவி எது என்று நம்மில் மூவர் அடுத்தடுத்துக் கேட்டிருந்தீர்கள். ஒருவருக்குப் படகில் போகும்போது வேண்டும். ஒருவருக்கு மரத்தில் வந்து அமரும் ஆந்தையைப் பார்க்க வேண்டும். இன்னொருவர் குடும்பத்தோடு காட்டோரத்தில் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறார். இந்தக் கருவிகளைத் தவறாக வாங்கிப் பணத்தை இழப்பது மிக எளிது, நானும் இழந்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் இரவு என்று சொல்வதில் பெரும்பகுதி முழு இருட்டு அன்று. அந்தி, நிலவொளி, விடியலுக்கு முந்தைய நேரம் ஆகியவைதான். இந்த வேளைகளுக்கு மின்கலமே தேவைப்படாத நல்ல பைனாகுலர் ஒன்று போதும். அதன்மேல் 8x42 என்று எழுதியிருந்தால், உருவத்தை 8 மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும்: 8x42-க்கு 5.25 மில்லிமீட்டர், 7x50-க்கு ஏறத்தாழ 7, பைக்குள் அடங்கும் 10x25-க்கு வெறும் 2.5. இருட்டில் இளைஞரின் கண்பாவை ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏற அது 5-க்கு அருகே குறைந்துவிடும். ஆகவே பகலில் 10x25 எவ்வளவு துல்லியமாகக் காட்டினாலும் அந்தியில் அதன் படம் மங்கிவிடும். படகுக்கு நெடுங்காலமாக 7x50 பயன்பட்டு வருவதற்கு இந்த ஒளியும், ஆடும் தளத்தில் 7 மடங்குக்கு மேல் கை நிலைக்காது என்பதும் காரணங்கள். படகுக்கு வாங்குகிறவர் நீர் புகாத, நைட்ரஜன் நிரப்பப்பட்ட ஒன்றைப் பார்த்து எடுத்தால் உள்ளே பனி படியாது.

விலை குறைவான பைனாகுலர்களில், நேர்க்குழாய் போன்ற வடிவத்தைவிட, முன் லென்ஸ்கள் இரண்டும் அகன்று நிற்கும் பழைய போரோ வடிவமே நல்ல படத்தைத் தரும். நேர்க்குழாய் வடிவத்தில் அதே தரத்தைக் கொண்டுவரக் கூடுதல் பூச்சுகளும் நுட்பமான வேலையும் தேவைப்படுவதால் செலவு ஏறிவிடுகிறது. பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பிவிடும் என்பதால், எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு உள்ளதையே கேளுங்கள். கடையில் கருவியைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கிப் பின்பக்க லென்ஸைப் பாருங்கள். அங்கே தெரியும் சிறு ஒளிவட்டம் விளிம்புவரை வெளுப்பாக, முழு வட்டமாக இருந்தால் நல்லது. ஓரங்கள் சாம்பல் நிறமாகி வட்டம் சதுரம் போல நறுக்கப்பட்டிருந்தால், உள்ளே இருக்கும் பிரிஸம் ஒளியை இழக்கிறது. முன் லென்ஸ் மாணிக்கச் சிவப்பாகப் பளபளக்கும் வகையை இரவுப் பார்வைக்கு என்று சொல்லி விற்பார்கள். அந்தப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிப் படத்தின் நிறத்தைக் கெடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. கண்ணாடி அணிகிறவர்கள் கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே 15 மில்லிமீட்டருக்குக் குறையாத தூரம் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

இனி முழு இருட்டு. இருக்கும் சிறிதளவு ஒளியைப் பெருக்கிக் காட்டும் ஒளிபெருக்கிக் குழாய் உள்ள கருவிகளில், பழைய வகையான முதல் தலைமுறைதான் நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும். அதன் படம் ஓரங்களில் கலங்கும், பகல் வெளிச்சத்தில் திறந்து வைத்தால் குழாயே பழுதாகும். இப்போது அதை வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. அதே பணத்துக்குக் கிடைக்கும் டிஜிட்டல் கருவி, கேமரா போன்ற உணரியோடு தன் சொந்த அகச்சிவப்பு விளக்கையும் வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. அந்த விளக்கொளியின் அலைநீளத்தில் 850 நானோமீட்டர் வகை தூரம் போகும், ஆனால் விளக்கின் முகப்பில் மெல்லிய சிவப்பு தெரியும். 940 வகை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உணரிக்கு அது மங்கலாகவே படுவதால் தூரம் குறையும்.

நான் ஏமாந்தது இந்த வகையில்தான். பெட்டிமேல் 300 மீட்டர் என்று போட்டிருந்ததை நம்பி ஒன்று வாங்கினேன். முதல் இரவில் ஆந்தையின் குரல் வந்த திசையில் திருப்பினால், பத்தடி தள்ளி இருந்த கிளையின் இலைகள் வெள்ளைவெளேரென்று எரிந்தன, அவற்றுக்குப் பின்னால் இருந்த மரம் கருங்கட்டியாகக் கிடந்தது. விளக்கொளி அருகில் உள்ளதில் பட்டுத் திரும்பும்போது கருவி அதற்கேற்பத் தன்னைக் குறைத்துக்கொள்கிறது. மூடுபனியிலும் தூறலிலும் இதே கதைதான். விளக்கைக் குவித்து விரிக்கும் வசதி இருந்தால் இந்தத் தொல்லை பாதியாகும், அது இல்லாததை வாங்காதீர்கள்.

ஆந்தை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வெப்பப் படக்கருவிக்கு இணையில்லை. அதற்கு ஒளியே வேண்டாம், உடல் வெப்பம் போதும். மலிவான வகைகளில் உணரி 256x192 புள்ளிகள் கொண்டதாக இருக்கும். புள்ளி அளவு 12 மைக்ரான், லென்ஸின் குவியத்தூரம் 19 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டரில் ஒரு புள்ளி ஏறத்தாழ 6 சென்டிமீட்டரையும், 300 மீட்டரில் 19 சென்டிமீட்டரையும் மூடும். அந்தத் தூரத்தில் நிற்கும் மனிதர் ஒன்பது புள்ளி உயரம், இரண்டு மூன்று புள்ளி அகலம் மட்டுமே. ஏதோ இருக்கிறது என்று அறியலாம், யார் என்று அறிய முடியாது. விளம்பரத்தில் வரும் தூரம் பெரும்பாலும் முதலாவதைத்தான் குறிக்கிறது. டிஜிட்டல் ஜூம் இந்தப் புள்ளிகளைப் பெரிதாக்குமே தவிரப் புதிதாக ஒன்றையும் காட்டாது. இன்னொன்று, ஜன்னல் கண்ணாடி வழியாக அது எதையும் காட்டாது, உங்கள் நிழலுருவத்தைத்தான் திருப்பிக் காட்டும். நொடிக்கு 9 படம் மட்டும் தரும் கருவியில் பறப்பது தத்தித்தத்தித் தெரியும். 25 இருந்தால் நல்லது.

கூடாரத்துக்குச் செல்கிறவருக்கு என் எண்ணம்: குழந்தைகள் சுற்றி நடக்கும் இடத்தில் முதல் தேவை சிவப்பு ஒளி உள்ள தலைவிளக்கு. கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். வெள்ளை விளக்கை ஒருமுறை போட்டால் அத்தனையும் வீணாகிவிடும், மங்கிய சிவப்பு அதைப் பெரிதும் காப்பாற்றும். அதோடு ஒரு 8x42 இருந்தால், வெப்பக் கருவிக்கு அடுத்த ஆண்டு வரை பொறுக்கலாம்.

நாம் பல நாடுகளில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியில் பொருத்தும் இரவுக் கருவிகளுக்குப் பல நாடுகளில் தடையோ உரிமமோ உண்டு. உயர்தலைமுறைக் குழாய்களையும் நொடிக்குப் பல படங்கள் தரும் வெப்பக் கருவிகளையும் எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதி தேவைப்படலாம். ஊருக்கு எடுத்துவருகிறவர்கள் பயணச்சீட்டு எடுக்கும்போதே இரு பக்கத்துச் சட்டத்தையும் விசாரித்துவிடுங்கள். மாற்று லித்தியம் மின்கலங்களை முனைகளை மூடிக் கைப்பையில் வையுங்கள், பதிவு செய்து அனுப்பும் பெட்டியில் அவற்றை வைக்க விமானத்தில் அனுமதியில்லை.

அன்புடன்.