மறு: கான்ஃபிக் ஃபைலுக்கு ஒரு சொல் – ‘பக்குவம்’ வேண்டாம், ‘சீட்டு’ எப்படி?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் கான்ஃபிக் ஃபைலுக்கு, அதாவது ஒரு மென்பொருளின் அமைவு விவரங்களை எழுதிவைக்கும் கோப்புக்கு, ‘பக்குவக் கோப்பு’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு மாட்டிக்கொண்டவன் நான்தான். தருமபுரி ஐயாவுக்கும் ஓசூர்த் தம்பிக்கும் கிருஷ்ணகிரி அக்காவுக்கும் சேர்த்து இந்த ஒரே மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். பாலக்கோட்டில் சனிக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஃப்ளட்டரில் (கைபேசிச் செயலி கட்டும் கருவித்தொகுப்பு) முதல் செயலி கட்டச் சொல்லித்தருகிறேன். (‘செயலி’ என்றால் பிராசசர் என்று படித்த தலைமுறை நான். இப்போது அது ஆப் ஆகிவிட்டது. அந்தச் சண்டையை இன்றைக்கு எடுக்கவில்லை.) ஒரு பையன், அவன் சித்தப்பா தக்காளி மண்டியில் இருக்கிறார், அன்றன்றைய விலையைக் காட்டும் செயலி செய்துகொண்டிருந்தான். இணையத்திலிருந்து விலையை எடுக்க எச்டிடிபி பேக்கேஜை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்தொகுப்பு) சேர்க்க வேண்டும். நான் பலகையில் எழுதிக்கொண்டே, “அமைப்புக் கோப்பில் போய் ஒரு வரி சேர்” என்றேன். திரும்பிப் பார்த்தால் அவன் கைபேசியில் ‘அமைப்புகள்’ திறந்து, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரைக்கும் போய் எதையோ திருகிக்கொண்டிருக்கிறான். அவன்மேல் தப்பே இல்லை. தமிழில் வைத்த கைபேசித் திரையில் செட்டிங்ஸுக்கு அதுதானே பெயர்?

சரி, கோப்பைக் காட்டினேன். பப்ஸ்பெக் யாமல்: செயலிக்கு எந்தெந்தப் பேக்கேஜ் வேண்டும் என்று யாமல் என்ற எழுதுமுறையில் குறித்துவைக்கும் கோப்பு. வரியையும் சேர்த்தான். அப்புறம்தான் கூத்து.

யாமலில் அடைப்புக்குறி இல்லாமலே, இடப்பக்கம் எத்தனை இடைவெளி விட்டிருக்கிறோம் என்பதை வைத்து யார் யாருக்குள் அடக்கம் என்று முடிவாகிறது. டிபென்டன்சீஸ் (செயலி சார்ந்திருக்கும் பேக்கேஜ்கள்) என்ற தலைப்புக்குக் கீழே இரண்டு இடைவெளி விட்டு எச்டிடிபி வர வேண்டும். அவன் இடைவெளியே விடாமல் விளிம்போடு ஒட்டி எழுதியிருந்தான். அதை யாமல் தனித் தலைப்பாக எடுத்துக்கொண்டது. பேக்கேஜ்களை எடுத்துவரும் பப் என்ற கருவி அதைக் கண்டுகொள்ளவே இல்லை; பிழைச்செய்தியும் இல்லை. பேக்கேஜ் வரவில்லை என்பது நிரலில் அந்தப் பேக்கேஜை அழைக்கும் இம்போர்ட் வரி சிவந்தபோதுதான் தெரிந்தது. பையன் அரைமணி நேரம் நிரலையே நோண்டினான்.

அடுத்து மூன்று இடைவெளி விட்டான். இந்தத் தடவை யாமலே கத்தியது: இத்தனையாவது வரி, இத்தனையாவது எழுத்து என்று. மூன்றாவது முயற்சியில் நான்கு இடைவெளி. இப்போது எச்டிடிபி, மேலே இருந்த ஃப்ளட்டர் என்ற வரிக்குப் பிள்ளையாகிவிட்டது. ஒரு டிபென்டன்சிக்கு ஒரே மூலம்தான் இருக்கலாம் என்று ஒரு செய்தி வந்தது. படித்த எனக்கே புரிய ஒரு நிமிடம் ஆனது. தவறு ஒன்றுதான், இடைவெளி. அதற்கு மூன்று வேஷம். அதிலும் முதல் வேஷம் வாயே திறக்காது. டேப் விசையை அழுத்தினால் நாலாவது வேஷம்: யாமலில் உள்தள்ளலுக்கு டேப் கூடவே கூடாது. எடிட்டர் அதை இடைவெளியாக மாற்றிக் காப்பாற்றினால் உண்டு.

இதெல்லாம் கலைச்சொல் குழுவில் எதற்கு என்று கேட்பீர்கள். பக்குவத்தை நான் கைவிட்ட காரணமே இதற்குள்தான் இருக்கிறது. ஐயா எழுதியது:

> பக்குவம் வடசொல் வழி வந்தது. ‘பதம்’ இருக்க அது எதற்கு? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று ஊரே சொல்கிறதே.

ஐயா, வடசொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காக விடவில்லை. எங்கள் அம்மா கேழ்வரகுக் களி கிண்டும்போது மாவு ஒரு கை கூடினாலும் குறைந்தாலும் துடுப்பு சுற்றுகிற கனத்தை வைத்துச் சரிசெய்துவிடுவார். அதுதான் பக்குவம், கைப்பக்குவம். கொஞ்சம் முன்னே பின்னே தாங்கும். கான்ஃபிக் ஃபைல் ஓர் இடைவெளியைக்கூடத் தாங்காது. பிள்ளைகள் மனத்தில் நான் விதைக்க நினைத்ததற்கு நேர் எதிர்ப்பொருள் அந்தச் சொல்லில் இருக்கிறது. நீங்கள் சொன்ன பழமொழிக்கும் அதே கதி. கான்ஃபிக்கில் ஒரு சோறு வெந்திருந்தால் மற்றதும் வெந்திருக்கும் என்று நம்பினால் கெட்டோம். ‘பதக்கோப்பு’ என்றால் பிள்ளைகள் பதக்கம் எங்கே என்றும் கேட்பார்கள்.

புழக்கத்தில் இருக்கும் ‘உள்ளமைவு’, ‘அமைவடிவம்’, ‘உருவமைவு’ மூன்றையும் நான் தள்ளவில்லை. கான்ஃபிகரேஷன் என்ற பொதுக் கருத்துக்கு உள்ளமைவு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மற்ற இரண்டும் லத்தீன் வேரைப் பார்த்துச் செய்தவை போலத் தோன்றுகின்றன: சேர்த்து உருக்கொடுப்பது என்பது அங்கே வேர்ப்பொருள். உருவம், வடிவம் எல்லாம் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். அந்தக் கோப்பு என்ன வேலை செய்கிறது என்பது மூன்றிலும் இல்லை. பையன் கோப்பைத் திறந்து பார்க்கிறான். உருவமும் தெரியவில்லை, வடிவமும் தெரியவில்லை. பெயரும் எண்ணும் வரிசையாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

‘கோப்பு’ மட்டும் அருமையான சொல். கோத்து வைப்பது கோப்பு. ஆங்கிலச் சொல்லும் நூலில் தாள்களைக் கோத்து வைத்த பழக்கத்திலிருந்து வந்ததுதான். இரண்டு மொழியும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. ஆனால் ஒரு புராஜெக்ட்டைத் திறந்தால் படம் கோப்பு, நிரல் கோப்பு, எழுத்துரு கோப்பு. “கோப்பைத் திருத்து” என்றால் எதை? எனக்கு வேண்டியது இந்த ஒரு வகையைத் தனியே பிரித்துக் காட்டும் சொல்.

அதனால் இப்போது என் முன்மொழிவு அமைவுச்சீட்டு. பேச்சில் வெறும் ‘சீட்டு’.

மளிகைக்கடைக்குச் சின்னப் பையனை அனுப்பும்போது கையில் கொடுக்கிறோமே, அந்தச் சீட்டு. அதில் என்ன இருக்கிறதோ அதுதான் வரும். ‘து.பருப்பு’ என்று எழுத மறந்தால் பருப்பு வராது, கடைக்காரர் கூப்பிட்டுக் கேட்கவும் மாட்டார். பப்ஸ்பெக் சாட்சாத் மளிகைச் சீட்டேதான்: இந்தப் பொருள், இந்தப் பதிப்பு, இதற்கு மேல் இருந்தாலும் சரி. கூடவே பப்ஸ்பெக் லாக் என்று ஒன்று தானாக உருவாகுமே, எந்தப் பதிப்பு உண்மையில் வந்தது என்று துல்லியமாக எழுதியிருக்கும். அது கடைக்காரர் கொடுத்த பில். சீட்டில் திருத்து, பில்லில் கைவைக்காதே என்று ஒரு வரி சொன்னேன், அன்றைக்கு யாரும் லாக் கோப்பைத் தொடவில்லை. போன வருடம் இதைப் புரியவைக்க ஒரு வகுப்பே போனது.

இன்னொரு காரணம் நம் மாவட்டங்களுக்கே உரியது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறார்கள். அங்கும் சீட்டி என்றுதான் சொல்கிறார்கள். உள்ளமைவை அவர்களுக்கு இரண்டு தடவை விளக்க வேண்டும், சீட்டை விளக்க வேண்டியதில்லை. மூலம் எந்த மொழி என்று ஐயா கேட்பார். அந்த விசாரணைக்கு நான் வரவில்லை, இங்கே மூன்று வீட்டிலும் புழங்குகிறது என்பது எனக்குப் போதும்.

கிருஷ்ணகிரி அக்கா கேட்டது:

> மேனிஃபெஸ்டும் கான்ஃபிக் வகைதானே? அதையும் இதே சொல்லில் அடைத்துவிடுவதா?

அடைக்க வேண்டாம் அக்கா. மேனிஃபெஸ்ட் என்பது செயலியில் என்னென்ன இருக்கிறது, என்ன அனுமதி வேண்டும் என்று ஆண்ட்ராய்டுக்கு அறிவிக்கும் கோப்பு. அதற்குத் தனியே ஒரு சொல் தோன்றியிருக்கிறது: கட்டியம். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில் முதலில் மேடைக்கு வருவது கட்டியங்காரன். இன்னார் வருகிறார், இன்ன நாட்டு ராஜா என்று அவன் சொன்ன பிறகுதான் வேஷம் திரையை விலக்கும். ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்டும் அதைத்தான் செய்கிறது. ஒரு ஆக்டிவிட்டியை (செயலியின் ஒரு திரை) அதில் எழுதாமல் நிரலிலிருந்து கூப்பிட்டால் செயலி விழுந்துவிடும். ‘இந்த ஆக்டிவிட்டியை உன் மேனிஃபெஸ்டில் அறிவித்தாயா?’ என்றே பிழைச்செய்தி கேட்கும். கட்டியங்காரன் கேட்கிற மாதிரியே இருக்கிறது. ஆண்ட்ராய்டு 12 முதல் கட்டியம் இன்னும் கறார். அதை இலக்காக வைத்த செயலியில் இன்டென்ட் ஃபில்டர் (எந்த அழைப்புகளை ஏற்கும் என்ற குறிப்பு) உள்ள ஆக்டிவிட்டி ஒவ்வொன்றும் வெளியாருக்குத் திறந்ததா இல்லையா என்று எக்ஸ்போர்ட்டட் வரியில் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நிறுவவே முடியாது.

தக்காளிப் பையன் மாட்டியதும் இங்கேதான். வகுப்பில் கேபிள் போட்டு ஓட்டியபோது விலை அழகாக வந்தது. ரிலீஸ் ஏபிகே (பிறருக்குக் கொடுக்கும் நிறுவல் கோப்பு) கட்டிச் சித்தப்பாவுக்கு அனுப்பினான். மண்டியில் அவர் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. நெட்வொர்க் இல்லை என்றார்கள், போன் பழசு என்றார்கள். கடைசியில் பார்த்தால், ஃப்ளட்டர் உருவாக்கித்தரும் புராஜெக்ட்டில் டீபக் (சோதனை ஓட்டம்) கட்டியத்தில் இணைய அனுமதி இருக்கிறது, முதன்மைக் கட்டியத்தில் இல்லை. ஒத்திகைக்கு ஒரு கட்டியங்காரன், திருவிழாவுக்கு வேறொருவன்! ஒரே ஒரு அனுமதி வரி சேர்த்ததும் தீர்ந்தது. இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டது என் தவறு, பையன் இரண்டு நாள் சித்தப்பாவிடம் திட்டு வாங்கியதற்கு நான்தான் பொறுப்பு.

என் இன்னொரு தவறையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாடக்குறிப்பை வேர்டில் தட்டிக் கொடுத்திருந்தேன். வேர்டு நேர் மேற்கோள்குறியை வளைத்துவிட்டது. அதை அப்படியே ஒட்டிய நாலு பேருக்கும், செயலியைக் கட்டும் ‘கிரேடில்’ கருவியின் சீட்டில் பிழை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஓசூர்த் தம்பி எழுதியதற்கு வருகிறேன்.

> அண்ணே, பெங்களூரில் நாங்கள் எல்லாரும் கான்ஃபிக் என்றுதான் சொல்கிறோம். புதுச்சொல் வேலைக்குப் போகும் இடத்தில் உதவாது. அதுபோக, சீட்டு என்றால் எங்கள் வீட்டில் ஏலச்சீட்டு.

முதல் பாதிக்குப் பதில்: கான்ஃபிக் என்பதையும் முதல் நாளே சொல்லித்தருகிறேன் தம்பி, தேடுவதற்கு அதுதான் வேண்டும். பிழைச்செய்தியைத் தேடுபொறியில் தமிழில் போட்டு என்ன கிடைக்கப்போகிறது? ஆனால் திரையைப் பார்த்து யோசிக்கும் அந்த நிமிடத்தில் பிள்ளை தனக்குள் எந்தச் சொல்லில் யோசிக்கிறது என்பதுதான் என் கவலை. “கான்ஃபிக்ல எரர் சார்” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள், “சீட்டுல என்ன எழுதாம விட்டேன்” என்று கேட்கத் தொடங்கினார்கள். கேள்வியே மாறிவிட்டது. நாலு பேரை வைத்துச் சொல்கிறேன், பெரிய ஆய்வு ஒன்றும் இல்லை.

இரண்டாம் பாதி நியாயம். ஏலச்சீட்டு, சீட்டாட்டம், ஓ.பி. சீட்டு எல்லாம் உண்டு. வேலை போனால் சீட்டு கிழிந்தது என்கிறோம், அதுவும் உன் தொழிலுக்குப் பொருத்தம்தான். ஸ்ப்ரெட்ஷீட்டைப் பிள்ளைகள் ‘ஷீட்டு’ என்று சொல்வதால் காதில் குழப்பம் வரலாம். இதற்கு என்னிடம் முழுப்பதில் இல்லை. எழுதும்போது அமைவுச்சீட்டு என்று முழுதாக எழுதினால் தப்பலாம். வினைச்சொல் எங்கே என்றும் கேட்டிருந்தாய். கான்ஃபிகர் செய் என்பதற்கு ‘அமைவு செய்’ போதும். சீட்டிலிருந்து வினை பிடிக்கப் போகவில்லை.

ரகசியச் சொற்கள் இருக்கும் கீ பிராப்பர்ட்டீஸ், ஒவ்வொரு கணினிக்கும் வேறாக இருக்கும் லோக்கல் பிராப்பர்ட்டீஸ், இரண்டும் சீட்டுதான், ஆனால் கிட்டில் (நிரலைச் சேமித்துப் பகிரும் களஞ்சியம்) ஏற்றக் கூடாத சீட்டு. ‘கைச்சீட்டு’ என்று பிரிக்கலாமா? ஐயா சொல்லட்டும்.

இன்னொன்றும் அவசரம். பிழைச்செய்தியில் லைன், காலம் (அந்த வரியில் எத்தனையாவது எழுத்து) என்று இரண்டு எண் வருகிறது. லைனுக்கு ‘வரி’ பிரச்சினை இல்லை. மற்றதைக் காலம் என்று பலகையில் எழுதினேன். ‘வரி 31, காலம் 3’. பின்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: “மூணு நிமிஷமா சார், மூணு செகண்டா?” பத்தி என்றால் பாரா, நிரல் என்றால் புரோகிராம், நெடுவரிசை என்றால் அட்டவணை நினைவுக்கு வருகிறது. அடுத்த வகுப்பு சனிக்கிழமை பத்து மணிக்கு. அதற்குள் யாராவது ஒரு சொல் கொடுத்தால் நன்றாக இருக்கும்.