இலங்கைச் சமாதானத்தைக் கெடுத்தது சிங்களத் தெற்கின் கட்சிப் போட்டியா?

வேதாரண்யத்தான்:
1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் எங்கள் கடற்கரையில் படகுகளில் வந்து இறங்கியவர்களைச் சிறுவனாக நின்று பார்த்தவன் நான். அன்று முதல் படித்ததில் எனக்குப் பட்டது இதுதான்: இலங்கையில் ஒவ்வோர் உடன்பாட்டையும் கெடுத்தது, ஆளுங்கட்சி கையெழுத்திட்டால் எதிர்க்கட்சி அதைத் துரோகம் என்று கூறி வாக்குச் சேர்க்கும் பழக்கம். 1957இல் பிரதமர் பண்டாரநாயக்கா, தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்துடன் தமிழ்ப் பகுதிகளுக்கு அதிகாரம் பகிரும் ஒப்பந்தம் செய்தார். ஐக்கிய தேசியக் கட்சியின் ஜெயவர்த்தனா அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டார். 1958 ஏப்ரலில் பிக்குகள் வீட்டு வாசலில் வந்து அமர்ந்ததும் பண்டாரநாயக்காவே ஒப்பந்தத்தைக் கைவிட்டார். 1965இல் அதே ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்கா செல்வநாயகத்துடன் உடன்பட்டபோது எதிர்த்து நின்றது பண்டாரநாயக்காவின் சுதந்திரக் கட்சி. அந்த உடன்பாட்டின் மாவட்ட சபைத் திட்டம் 1968இல் கைவிடப்பட்டது. 2000இல் சுதந்திரக் கட்சியின் அதிபர் சந்திரிகா கொண்டுவந்த அரசியலமைப்பு வரைவை ஐக்கிய தேசியக் கட்சியினர் நாடாளுமன்றத்திலேயே எரித்தார்கள்.

இதே பழக்கம் காவிரியிலும் உண்டு. கர்நாடகத்தில் எந்தக் கட்சி ஆண்டாலும், கிருஷ்ணராஜசாகர் அணையில் மதகு திறந்தவுடன் எதிர்க்கட்சி மறியலுக்கு இறங்குவதையும், தான் ஆட்சிக்கு வந்தபின் அதே நீரைத் திறந்துவிடுவதையும், குறுவைக்காக மேட்டூர் நீர்மட்டத்தை நாள்தோறும் பார்க்கும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

குடந்தை வாசகர்:
ஐயா, நீங்கள் சொன்ன நிகழ்வுகளை மறுக்கவில்லை. ஆனால் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். 2002 பிப்ரவரி 22இல் பிரதமர் ரணிலின் ஐக்கிய தேசியக் கட்சி அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்தம் கையெழுத்தானது. டிசம்பரில் நார்வேயின் தலைநகர் ஒஸ்லோவில் கூட்டாட்சித் தீர்வை ஆராய இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. நான்கு மாதங்களில், 2003 ஏப்ரலில், பேச்சிலிருந்து விலகியது புலிகள் இயக்கம். 2005 அதிபர் தேர்தலில் ரணில் தோற்றது ஏறத்தாழ 1,80,000 வாக்குகளில். அந்தத் தேர்தலில் புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. தெற்கில் கட்சிப் போட்டி மிகுந்து கெடுத்தது என்றால், நம் இனத்தின் தரப்பில் கட்சிப் போட்டியே இல்லாமல் போனது கெடுத்தது. மிதவாதத் தமிழ்த் தலைவர்களான அமிர்தலிங்கம் 1989இலும் நீலன் திருச்செல்வம் 1999இலும் கொல்லப்பட்டபின், மேசையில் மாற்றுக் கருத்தைச் சொல்ல யார் மீதமிருந்தார்கள்? இதைத் தமிழராகிய நாம் தயங்காமல் எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

திருவாரூர் ஆசிரியை:
காவிரி உவமை பாதி தூரம்தான் வரும். இங்கே 1991இல் நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை வந்து பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்ட பிறகும் வழக்கு நின்றுவிடவில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று அளவு வகுத்தது, மேலாண்மை ஆணையமும் அமைந்தது. முதலமைச்சர் ஒருவர், "நீதிமன்றம் சொல்லிவிட்டது, என் கையில் இல்லை" என்று தம் மக்களிடம் சொல்லிக்கொள்ள இடம் கிடைத்தது. கொழும்பில் எந்தப் பிரதமருக்கும் அந்த மறைவு இல்லை. நார்வே பேச்சுக்கு உதவியது. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு மீறல்களைப் பதிவு செய்தது. இவை இரண்டுக்கும் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது.

வேதாரண்யத்தான்:
அம்மா சொன்னதை ஏற்கிறேன். நண்பர் சொன்ன 2005 புறக்கணிப்பு பெரும் பிழை என்பதையும் ஏற்கிறேன். ஆனால் 2003இல் நடந்ததை அவர் பாதியில் நிறுத்திவிட்டார். அக்டோபர் இறுதியில் புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான முன்மொழிவை எழுத்தில் தந்தார்கள். அதிலிருந்து பேசிக் குறைக்கலாம், கூட்டலாம் என்ற நிலையில், நவம்பர் 4 அன்று சந்திரிகா பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் ஆகிய மூன்று அமைச்சகங்களையும் தம் கைக்கு எடுத்துக்கொண்டார். பிரதமர் ஒரு கட்சி, அதிபர் மற்றொரு கட்சி என்ற அமைப்பில் யாருடன் பேசுவது? அது போகட்டும், 2009க்குப் பின் புலிகள் இல்லை. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் பயனாக வந்த, அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் சொல்லும் காவல், காணி (நிலம்) அதிகாரங்கள் அதன் பிறகாவது மாகாணங்களுக்குப் போயினவா?

குடந்தை வாசகர்:
போகவில்லை. வட மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தலும் நடக்கவில்லை. ஆனால் உங்கள் வாதத்துக்கு இடிக்கும் ஒன்று இருக்கிறது. 2015இல் அந்த இரு பெருங்கட்சிகளும் சேர்ந்தே ஆட்சி அமைத்தன. 2017 செப்டம்பரில் புதிய அரசியலமைப்புக்கான இடைக்கால அறிக்கையும் வந்தது. போட்டிதான் நோய் என்றால் அப்போது குணமாகியிருக்க வேண்டுமே?

வேதாரண்யத்தான்:
இரண்டும் சேர்ந்ததும் மூன்றாவது ஒன்று முளைத்தது. அந்த அறிக்கை நாட்டைப் பிரிக்கும் என்று ஊர் ஊராகச் சொன்ன ராஜபக்ச தரப்பின் புதிய கட்சி 2018 பிப்ரவரி உள்ளாட்சித் தேர்தலில் வென்றது; அக்டோபரில் அதிபர் சிறிசேனா, பிரதமர் ரணிலை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக அறிவித்தார். நீதிமன்றம் அதைத் திருத்தி ரணில் மீண்டும் வந்தார். அரசியலமைப்பு வரைவு வாக்கெடுப்புக்கு வரவேயில்லை.