புதுப்பிப்பு: உப்புவெளிப் பழைய வீட்டைத் திருத்தி விற்கும் திட்டம்

திருகோணமலை உப்புவெளியில் பழைய வீடொன்றை வாங்கி, திருத்தி, உடனே விற்றால் கட்டுப்படியாகுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன், திருத்த வேலையும் முடியப்போகிறது.

காணி உறுதிப் பத்திரத்தைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. முதலில் பேசிய நிலாவெளிக் காணி, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. அரச ஒப்புதலின்றி விற்க முடியாது. விலை மலிவின் இரகசியம் அதுதான்! இந்த வீட்டுக்கு, நொத்தாரிசு 30 ஆண்டுப் பதிவுகளைத் தேடிப் பார்த்த பிறகே கையொப்பமிட்டேன். முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4. என்னிடம் வாங்குபவரும் அதைக் கட்டவேண்டும். பேரத்தில் கழிக்காமல் விடுவாரா?

பணத்தைத் தின்றது கடற்காற்று. விறாந்தைத் தூணின் பூச்சைத் தட்டினால், உள்ளே கம்பி துருவேறி ஊதி, கொங்கிறீற்றைப் பிளந்திருந்தது. மேலே பூசிவிடலாம் என்றார் மேசன். மாரி வந்தால் மறுபடி வெடிக்கும், தூணையே மாற்றினோம். குளியலறைக்கு மாபிள் போடச் சொன்ன மைத்துனரின் பேச்சை மட்டும் கேட்கவில்லை.

இருவர் பார்த்துப் போயிருக்கிறார்கள். ஒருவருக்கு வங்கிக் கடன் என்பதால் அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம் வேண்டுமாம். பிரதேச சபையில் பிரதிக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.