என்ட பீட்டுக்கு ஒருத்தரும் ஆடல, எல்லாரும் பாருக்குப் போயிட்டாங்க. கிக் பிழையா, தவில் பிழையா?

கொட்டாஞ்சேனை_கிக்:
மச்சான்மார், சிரிக்கிறதுன்னா சிரிச்சிட்டு பதில் போடுங்க. ஆறு மாசமா வேல முடிஞ்சு வந்து ராத்திரி ஒரு மணி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து செஞ்ச ட்ராக் ஒண்ணு. 128 பிபிஎம் (நிமிசத்துக்கு 128 பீட்), 808 கிக் (808ங்கிற ட்ரம் மெஷின்ட பெரிய ட்ரம் அடி), மேல திரும்பத் திரும்ப வாற தவில் லூப், முதல் செக்கன்லயே குரல் வந்துடும். போன சனி கொள்ளுப்பிட்டி பக்கம் ஒரு க்ளப்ல தெரிஞ்ச டிஜே அண்ணா ஒராள் போட்டார். அதுக்கு முன்னால ஓடின பாட்டுக்கு ஃப்ளோர்ல கால் வைக்க இடமில்ல, என்டது தொடங்கி ஒரு நிமிசம் போயிருக்காது, பாதிப் பேர் பாருக்கு, மிச்சப் பேர் ஃபோனுக்கு. ஒரு அக்கா மட்டும் நடுவுல நின்னா, அவவும் செருப்பு வார சரிபண்ணிட்டு போயிட்டா. வீட்டுல ஹெட்ஃபோன்ல கேட்டா எனக்கு தல தன்னால ஆடுது. எங்கடா பிழை? கேட்டுட்டு ஏசுங்க.

பேஸ்பைத்தியம்:
மூணு தரம் கேட்டன், கார்லயும் போட்டுக் கேட்டன். பிழை தவில்தான். க்ளப்புக்கு வாறவன் திருவிழா பாக்க வரல டா. சிகாகோல டிஜே ஃப்ராங்கி நக்கிள்ஸ் காலத்துல இருந்து ஹவுஸ் மியூசிக்ன்னா ஒரே அடிதான், ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு கிக், ரெண்டுலயும் நாலுலயும் க்ளாப், இடையில ஓப்பன் ஹாய்-ஹேட் (ட்ரம் செட்ல இருக்கிற ஜோடித் தட்டு), கீழ பேஸ். இதுல கை வச்சா ஃப்ளோர் போயிடும். உடம்ப ஆட வைக்கிறது லோ எண்ட், அதாவது அடியில வாற கனமான சத்தம், மெலடியும் இல்ல கலாச்சாரமும் இல்ல. கனடா மக்மாஸ்டர் யுனிவர்சிட்டில ஒரு லைவ் எலக்ட்ரானிக் ஷோல காதுக்கே விளங்காத லோ சவுண்ட் குடுக்கிற ஸ்பீக்கர ரெண்டரை நிமிசத்துக்கு ஒருக்கா ஓன் பண்ணி ஓஃப் பண்ணி ஆக்கள்ட அசைவ அளந்தாங்க, 2022ல வந்தது. ஓன்ல இருக்கும்போது 11.8 வீதம் கூட ஆடியிருக்காங்க, ஓன்ல இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

தப்புக்காரன்:
தவில் மேல பழிய தூக்கி போடாதீங்க அண்ணே. நான் ஹட்டன் பக்கம் தோட்டத்துல பொறந்தவன், இப்ப வேலைக்காக இங்க கொழும்புல ரூம்ல இருக்கேன். காமன் கூத்துக்கு தப்புப் பறைய நெருப்புல காய்ச்சி எடுத்து ரெண்டு அடி அடிச்சா, முழங்கால் வலின்னு படுத்திருந்த அப்பாயி எந்திரிச்சு வரும். அங்க சப்வூஃபர் ஏது, கேக்காத சவுண்டு ஏது.

தம்பியோட ட்ராக்ல பிழை எங்க இருக்குன்னா, ஹாய்-ஹேட் ஒரு பீட்ட நாலா வெட்டி தகதிமி தகதிமின்னு போகுது, தவில் அதே பீட்ட மூணா வெட்டி தகிட தகிடன்னு போகுது, ரெண்டும் ஒரே சத்தத்துல மூணு நிமிசம் பூரா. காலு எதுக்குப் பின்னால போகும்? எதுக்கும் போகாது, பாருக்குத்தான் போகும்.

பேஸ்பைத்தியம்:
அதத்தானே நானும் சொல்றன், தவில எடு, பிரச்சின முடிஞ்சு. 6/8, அந்த மூணு மூணா போற தாளம் எல்லாம் கல்யாண வீட்டுக்கு, பைலாப் பாட்டுக்கு, மெட்ச்ல ட்ரம்பட்டும் ட்ரம்முமா பப்பரே அடிக்கிறதுக்கு. க்ளப்ல டிஜேக்கு அடுத்த பாட்டோட மிக்ஸ் பண்ணணும், 6/8அ எதோட மிக்ஸ் பண்றது?

தப்புக்காரன்:
எல்லாத்தோடயும் பண்ணலாம். நாலு கிக்கையும் அப்படியே விட்டுட்டு ஒவ்வொரு கிக்குக்கும் உள்ளுக்குள்ள மூணு வச்சா 12/8 ஆயிடுது, கிக் ஒரு மயிரிழை கூட நகரல, டிஜேக்கு 128 128தான். எடுக்க வேண்டியது தவில இல்ல, ஹேட்ட. இல்லன்னா ஹேட்டுக்கு ஸ்விங் குடுங்க, அதாவது ஒண்ணு விட்டு ஒரு அடிய கொஞ்சம் பிந்தி விழ விடுங்க, ரோஜர் லின் செஞ்ச எம்பிசி 60, 1988ல வந்த பீட் செய்யிற பெட்டி, அதுலயே இருக்கு, 50ல வச்சா நேர் அடி, 66ல வச்சா கிட்டத்தட்ட மூணுக்கு வந்துடும், இப்ப எல்லா சொஃப்ட்வெயார்லயும் அந்த பட்டன் இருக்கு. யாரும் தொடுறதில்ல.

அப்புறம் பைலாவ என்னமோ இளக்காரமா சொன்னீங்க. ஏ.ஈ. மனோகரன் தமிழ்ல பைலா பாடி இந்தத் தீவையே ஆட வச்ச மனுசன். நீங்க ஆடுற க்ளப்லயே ராத்திரி ஒரு மணிக்கு டிஜே பைலா போட்டா யாரு உக்காந்திருக்கா சொல்லுங்க பாப்பம்?

பேஸ்பைத்தியம்:
ஒரு மணிக்கு எல்லாரும் வெறி டா. அப்ப ஓட்டோ ஹோர்ன் அடிச்சாலும் ஆடுவாங்க.

கல்யாண_சவுண்ட்:
தம்பிமார் கொஞ்சம் நில்லுங்கோ. நான் வெள்ளவத்தையில கல்யாண ஹோல்களுக்கு சவுண்ட் குடுக்கிறனான், 20 வருசத்துக்கு மேல ஸ்பீக்கர் தூக்கி நாரி போயிட்டுது. நீங்கள் ரெண்டு பேரும் தாளத்தைப் பற்றியே கதைக்கிறியள், ஒருத்தரும் கிக்கின்ர வால் எவ்வளவு நீளம் எண்டு பாக்கேல்லை.

128ல ஒரு பீட் எண்டா 469 மில்லிசெக்கன். பொடியன் போட்டிருக்கிறது 808 கிக், அந்த டிகேயை, அதாவது அடிச்ச பிறகு சத்தம் ஓயிற நேரத்தை, முழுக்கத் திறந்து விட்டிருக்கிறார், ஒரு கிக் ஓய முதல் அடுத்த கிக் வந்து விழுது, அதுக்கு மேல பேஸ் நோட்டும் நீட்டி இழுக்குது. மூண்டும் ஒரே 50, 60 ஹெர்ட்ஸுக்குள்ள கிடந்து அடிபடுது. ஹெட்ஃபோன்ல அது இனிமையா இருக்கும், ஏனெண்டா ஹெட்ஃபோனுக்கு சுவர் இல்லை. அது க்ளப் சப்வூஃபருக்குள்ளால வரேக்கை கிக் எண்டு ஒண்டும் கேக்காது, வெறும் ஊஊஊ எண்டு ஃபிரிஜ் வேலை செய்யிற மாதிரி. இடி விழுந்தாத்தானே மனிசன் ஆடுவான், ஃபிரிஜ்ஜுக்கு ஆர் ஆடுறது.

909 எண்டு இன்னொரு ட்ரம் மெஷின் இருக்கு தம்பி, 1983ல வந்தது, அதின்ர கிக் இறுக்கமா நெஞ்சில குத்தும், அதைப் போடுங்கோ. இல்லாட்டி 808இன்ர வாலை வெட்டுங்கோ. பேஸுக்கு சைட்செயின் போட்டு கிக் விழேக்கை பேஸ் தலை குனியப் பண்ணுங்கோ. இன்னுமொண்டு, பேஸை ஸ்டீரியோவில விரிச்சு வச்சிருக்கிறியள், கன இடங்களில சப்வூஃபர் மோனோவிலதான், ரெண்டு பக்கத்தையும் ஒண்டாக் கலந்துதான் ஓடுது, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒண்டையொண்டு தின்னும். பாதி பேஸ் பாருக்குப் போக முதலே போயிட்டுது.

பேஸ்பைத்தியம்:
பாத்தீங்களா, லோ எண்ட். நான் சொன்னதுதான்.

கல்யாண_சவுண்ட்:
நீங்கள் கூட்டச் சொன்னியள், நான் குறைக்கச் சொல்லுறன். ரெண்டும் ஒண்டில்லை.

மரைன்ட்ரைவ்_ராத்திரி:
சரி, இங்க ஆடுற ஆள் யாராவது இருக்கீங்களா? எல்லாரும் க்ளப்ல ஓரத்துல கிளாஸ பிடிச்சிட்டு தல மட்டும் ஆட்டுற ஆக்கள் மாதிரியே கதைக்கிறீங்க. நான் ஆடுறவ, ஹீல்ஸ கழட்டி பேக்ல போட்டுட்டு மூணு மணித்தியாலம் ஆடுவன், அதால சொல்றன்.

ஒண்ணு, குரல் முதல் செக்கன்லயே வந்தா டிஜே எப்படி உள்ளுக்கு எடுப்பார்? முன்னுக்கு ஓடின பாட்ட அறுத்துட்டுத்தான் போட்டிருப்பார். ஆடிட்டு இருக்கிற உடம்புக்கு அந்த ஒரு செக்கன் போதும், தண்ணி விடாய் ஞாபகம் வந்துடும். 70கள்ல டொம் மோல்டன் மாதிரி ஆக்கள் பாட்ட நீட்டி நீட்டி மிக்ஸ் பண்ணினது சும்மா இல்ல, ஃப்ளோர் அறுந்து போகாம இருக்கத்தான். முன்னால 16 பார் (நாலு பீட் சேந்தா ஒரு பார்) வெறும் கிக்கும் ஹேட்டும் விடுங்க, 128ல அது சரியா 30 செக்கன்.

ரெண்டாவது இன்னும் முக்கியம். உங்கட ட்ராக்ல மூச்சே இல்ல. கிக் ஒரு இடத்துலயும் நிக்கல. ஆடுறவளுக்கு கிக் நிக்கிற இடம்தான் வேணும், அது நிண்டா எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாப்பம், கை மேல போகும், எப்ப விழும் எப்ப விழும்ன்னு இருக்கும், விழுந்தா தெரியும் கத்துறது. மெட்ச்ல பப்பரேக்காரங்களுக்கு இது தெரியும், ட்ரம்பட் சட்டுன்னு நிக்கும், ட்ரம் மட்டும் கொஞ்ச நேரம் உருட்டும், திரும்ப ட்ரம்பட் வரக்குள்ள டென்டே எழும்பும். அவங்களுக்கு யாரும் சைட்செயின் சொல்லிக் குடுக்கல.

தப்புக்காரன்:
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. தப்புலயும் அதான், அடிக்கிறத விட விடுறதுதான் கஷ்டம். 2014ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ட்ரம் பீட்டுல சிங்கொபேஷன், அதாவது எதிர்பாக்கிற இடத்த விட்டுத் தள்ளி விழுற அடி, ரொம்ப கம்மியா இருந்தாலும் ஆட தோணல, ரொம்ப கூடினாலும் தோணல, நடுவுல இருந்தாத்தான் தோணுதுன்னு.

பேஸ்பைத்தியம்:
அது இணையத்துல ட்ரம் துண்டுகள கேட்டுட்டு ஆட தோணுதா இல்லையான்னு மார்க் போட்டது. உக்காந்துட்டு. ஆட "தோணுது"ன்னு சொல்றதுக்கும் ஆடுறதுக்கும் வித்தியாசம் இருக்கு, என்ட ஆராய்ச்சில ஆக்கள் உண்மையா ஆடினாங்க.

தப்புக்காரன்:
உங்க ஆராய்ச்சிலயும் லோ சவுண்டு ஓஃப்ல இருக்கும்போது ஆக்கள் ஆடிட்டுத்தான் இருந்தாங்க. 11.8 வீதம் கூடினிச்சு, சரி. மிச்சத்த ஆட வச்சது எது?

பேஸ்பைத்தியம்:
கிக்.

தப்புக்காரன்:
சரி விடுங்க.

கொட்டாஞ்சேனை_கிக்:
எல்லாருக்கும் நன்றி, ஏசினவங்களுக்கும். தவில நான் எடுக்கமாட்டன், அது எங்கட கோயில் தெருவுல ஒரு ஐயா வாசிச்சத ஃபோன்ல எடுத்தது, அவர்ட்ட கேட்டுத்தான் எடுத்தன், அவருக்கு க்ளப்ல போட்டதுன்னு சொல்லிட்டன் வேற, எத்தின பேர் ஆடினாங்கன்னு ஒவ்வொரு நாளும் கேக்கிறார்.

ரெண்டு வேர்ஷன் செஞ்சிருக்கன். முதலாவது, தவில், கிக் எல்லாம் அப்படியே, வால் மட்டும் வெட்டி சைட்செயின் போட்டது, பேஸ் மோனோ. ரெண்டாவது, அதோட ஹேட்டையும் மூணுக்கு மாத்தி, முன்னால 16 பார், நடுவுல ரெண்டு பார் கிக் இல்லாம தவில் மட்டும். டிஜே அண்ணா திரும்ப போடுவாரா தெரியல, கேக்க வெக்கமா இருக்கு.

கல்யாண_சவுண்ட்:
அவரை விடுங்கோ. ஞாயிறு எனக்கு வெள்ளவத்தையில ஒரு கல்யாணம், ஆறு மணிக்குத்தான் ஆக்கள் வருவினம், நான் மூண்டு மணிக்கு ஸ்பீக்கர் ஏத்தி டெஸ்ட் பண்ணுவன். ரெண்டையும் பென் ட்ரைவில கொண்டு வாங்கோ, போட்டுப் பாப்பம்.

கொட்டாஞ்சேனை_கிக்:
போயிட்டு வந்தன். ஹோல்ல நாங்க ரெண்டு பேரும், பூ கட்டுற ரெண்டு அக்காமாரும், மணவறை ஜோடிக்கிற மூணு பொடியன்களும். யாருக்கும் ஒண்ணும் சொல்லல. முதலாவது வேர்ஷன் போட்டம், கிக் நெஞ்சில அடிச்சுது, ஆனா ஒருத்தரும் திரும்பிக் கூடப் பாக்கல, ஒரு அக்கா மட்டும் சத்தத்த குறைக்கச் சொன்னா. ரெண்டாவது போட்டம். கிக் நின்னு தவில் தனியா வந்த இடத்துல ஏணில நின்னு சீலை கட்டிட்டு இருந்த பொடியன் சுத்தியலால ஏணிப் படியில தட்டத் தொடங்கிட்டான், தகிட தகிடன்னுதான் தட்டினான், கிக் திரும்ப விழ கீழ இருந்த ரெண்டு பேரும் இடுப்ப ஆட்டினாங்க, பிறகு நாங்க பாக்கிறத கண்டுட்டு நிறுத்திட்டாங்க.

தப்புக்காரன்:
தகிடன்னு தட்டினானா! நான் சொன்னேனா இல்லையா.

மரைன்ட்ரைவ்_ராத்திரி:
கிக் நின்ன இடத்துல தட்டினான். அத வாசிங்க முதல்ல.

பேஸ்பைத்தியம்:
கிக் விழுந்த பிறகுதான் இடுப்பு ஆடிச்சு. ஏணில நின்னவன் கணக்கில்ல.