மைனஸ் எட்டுக்குக் கனமூலம் கேட்டால் கணினி ஏன் முரண்டு பிடிக்குது?

வெள்ளவத்தை வாசி:
ஏ.எல். இணைந்த கணிதம் செய்யிற பக்கத்து வீட்டுத் தம்பி லப்டொப்போட வந்தார். "அண்ணே, −8இன் கனமூலம் −2 தானே? பைதன் 1 கூட்டல் 1.732ஜே எண்டு ஏதோ சொல்லுது."

அது பிழையான விடை இல்லை. சிக்கலெண்களுக்குள்ள (அந்த ஜே எண்டது −1இன் வர்க்கமூலம்) −8க்கு மூண்டு கனமூலம் இருக்கு. பைதன் 3 அதில முதன்மை மூலத்தை எடுத்துத் தருது. சி மொழியில அடுக்கு கணிக்கிற பவ் (pow) சார்பு மெய்யெண்ணைத்தான் தரும், அதால NaN, அதாவது 'எண் இல்லை' எண்டு கையை விரிச்சிடும்.

ஆனா அவர் முதல்ல அடைப்புக்குறி இல்லாமல் −8 ** (1/3) எண்டு அடிச்சிருக்கிறார் (** எண்டால் அடுக்கு). −2.0 வந்திருக்கு! அடுக்குக்குத்தான் முன்னுரிமை. 8க்கு மூலம் எடுத்த பிறகு மைனஸ் வந்து ஒட்டுது. மாறிக்குள்ள −8ஐப் போட்டதும்தான் வேஷம் கலைஞ்சது. ஜாவாஸ்கிரிப்ட் அந்த வரியை சின்டாக்ஸ் எரர் எண்டு திருப்பி அனுப்பிடும். எனக்கு அந்தக் கண்டிப்புப் பிடிக்கும்.

கொட்டாஞ்சேனை அக்கா:
கோட்டையில எங்கட ஒபிஸுக்குப் புதுசா வந்த பிள்ளை சராசரி வருடாந்த வளர்ச்சி வீதம் பார்க்க ஸ்கிரிப்ட் எழுதினார். ஒரு வாடிக்கையாளருக்கு முதல் வருடம் இலாபம், மூண்டு வருடம் கழிச்சு நட்டம். விகிதம் மறை எண், அடுக்கு 1/3. சிக்கலெண் சத்தமில்லாமல் நாலைஞ்சு வரி தாண்டிப் போய், 0.1ஐ விடப் பெரிசா எண்டு ஒப்பிட்ட இடத்தில டைப் எரர். பிள்ளை உடனே தனிப்பெறுமானம் எடுத்துச் சமாளிக்கப் பார்த்தார். நான் விடேல்ல. இலாபத்தில இருந்து நட்டத்துக்குப் போன கம்பனிக்கு அப்படியொரு வீதமே கிடையாது. அந்தக் கட்டத்தை வெறுமையா விடச் சொன்னேன்.

பம்பலப்பிட்டி:
அக்கா, உங்கட கேஸ் சரி. ஆனா 1/3இன் பகுதி ஒற்றை எண்தானே? கணினி ஏன் அதைக் கவனிக்கேல்ல?

வெள்ளவத்தை வாசி:
கணினிக்கு 1/3 போய்ச் சேருறதே இல்லை, தம்பி. கணினி தசம எண்களை வைக்கிற இரட்டைத் துல்லிய (64 பிட்) வடிவத்தில அது 6004799503160661ஐ 2இன் 54ஆம் அடுக்கால வகுத்த எண். தொகுதி ஒற்றை, பகுதி இரட்டை. மறை எண்ணுக்கு இரட்டை மூலம் மெய்யெண்ணில ஏது? முழு எண் இல்லாத எந்த அடுக்கைக் குடுத்தாலும் இதே கதைதான், ஏனெண்டால் பகுதி எப்பவும் 2இன் அடுக்கு. நீங்க மனசில 1/3ஐ நினைச்சீங்களா, 0.3333ஐ நினைச்சீங்களா எண்டு பவ்வுக்குத் தெரிய வழியில்லை.

கனமூலம்தான் வேணுமெண்டால் சிபிஆர்டி (cbrt) எண்ட தனிச் சார்பைக் கூப்பிடுங்கோ. சி மொழியில 1999 நியமத்தில இருந்து இருக்கு, ஜாவாஸ்கிரிப்டில 2015இல இருந்து. பைதனுக்கு 3.11இலதான் வந்தது, இவ்வளவு பிந்தினது ஏனோ.

பம்பலப்பிட்டி:
ஐந்தாம் மூலத்துக்கு?

வெள்ளவத்தை வாசி:
தனிப்பெறுமானத்துக்கு 0.2 அடுக்கு எடுத்து, ஒரு எண்ணின்ட குறியை இன்னொண்டுக்குப் போடுற கொப்பிசைன் (copysign) சார்பால குறியைத் திரும்பப் போடுங்கோ. ஒற்றை மூலத்துக்கு மட்டும்.